மாமனாருக்காக மிதித்தவர்

டிரிங்! டிரிங்! டிரிங்!

லிஃப்ட் மெக்கானிக் போர்வையோடு எழுந்து உட்கார்ந்தார். "எந்த மாடி? உள்ள எத்தனை பேர் மாட்டியிருக்காங்க?"

"லிஃப்ட் இல்லைங்க, சைக்கிள் பெல். வாசல்ல அப்பா" என்றாள் மனைவி. "மாட்டினது நீங்க ஒருத்தர்தான்."

வருஷம் முழுக்க இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்குகிறவர்களை வெளியே இழுத்து விட்டு ஓய்ந்துபோன உடம்பு அது. சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை என்றதும் அவர் போட்ட திட்டம் மிகவும் சுருக்கமானது: படுப்பது. நடுநடுவே டீ வந்தால் ஆட்சேபணை இல்லை.

"அப்பாவுக்கு உங்களோட சைக்கிள்ல சுத்தணும்னு கொள்ளை ஆசைங்க" என்று மனைவி குரலைத் தழைத்தாள். "வாயைத் திறந்து சொல்ல மாட்டார். நீங்க முடியாதுன்னா மனசு உடைஞ்சு போயிடும்."

வாசலில் மாமனார், ஓய்வுபெற்ற தபால் அதிகாரி, கைக்கொன்றாக இரண்டு சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரைக்கால் சட்டைக்குக் கீழே தீக்குச்சி மாதிரி இரண்டு கால்கள்.

"கிளம்பலாமா மாப்பிள்ளை?"

"தாராளமா மாமா!"

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. மெக்கானிக்கின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நேராகச் சொன்னால் பெரியவர் மனசு உடையும். சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

"உங்களுக்குக் களைப்பா இருந்தா திரும்பிடலாம் மாமா."

மாமனாரின் மூக்கு சிவந்தது. "எனக்கா களைப்பு? கிழவன்னு பாவம் பாக்கறீங்களா? ஏரியோட திரும்பறதா இருந்தேன். இப்ப சொல்றேன், பாலத்தைத் தொட்டுட்டுதான் வீடு!"

பாலம் ஏரிக்கும் அப்பால், ஒரு மேடு ஏறி இறங்கினால் வருவது. அந்த மேட்டில் மெக்கானிக்கின் கண் முன்னால் கட்டில் மிதந்தது.

அன்று மாலை அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். உட்காரும் நிலையில் உடம்பு இல்லை.

"முகம் எவ்வளவு தெளிவாயிடுச்சு பாருங்க!" என்று மாமியார் பூரித்தாள். "நாளைக்கும் போயிட்டு வாங்க மாப்பிள்ளை. மதியச் சாப்பாட்டைக் கட்டிக் குடுத்துடறேன், அவசரமே இல்லாம வரலாம்."

மெக்கானிக் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, தன் சைக்கிளின் முன் டயரில் ஊசியை ஏற்றினார்.

மறுநாள் காலை, தரையோடு அமுங்கிக் கிடந்த டயரை மாமனார் ரொம்ப நேரம் பார்த்தார். "அடடா! இன்னைக்குப் போக முடியாது போலிருக்கே."

"முடியாதுதான் மாமா" என்று மெக்கானிக் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"பஞ்சர்தானே?" என்று உள்ளேயிருந்து மனைவி வந்தாள். "தள்ளிட்டுப் போய் ஒட்டிட்டு, அப்படியே கிளம்ப வேண்டியதுதானே?"

முதல் கடைக்காரருக்கு விடுமுறை. இரண்டாவது கடைக்காரருக்கும் விடுமுறை. உலகத்தில் எல்லோருக்கும் விடுமுறை கிடைத்திருந்தது, இவரைத் தவிர. திறந்திருந்த ஒரே கடை பாலத்தடியில் இருந்தது. நேற்று ஏறி மிதித்த மேட்டை இன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினார். மிதிப்பதும் ஒரு சுகம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள். கடைசி நாள். இன்றும் படுக்காவிட்டால் இனி அடுத்த வருஷம்தான். கிளம்புவதற்கு முன் தன் வண்டியின் முன் பிரேக்கைச் சக்கரம் உரசும்படி முடுக்கி வைத்தார். நாலு தெரு போவதற்குள் நின்றார்.

"வண்டி இழுக்குது மாமா. திரும்பிடலாம்."

"அதுக்காக உங்க ஆசையைக் கெடுப்பேனா? இந்தாங்க, என்னோடதை எடுத்துக்குங்க!"

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் மாமனார் வண்டியை மாற்றிக்கொண்டு ஏறிவிட்டார். மேடு வரை முக்கி முனகிப் போனவர், இறக்கத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டார். சக்கரம் அப்படியே இறுகியது. சைக்கிள் ஒரு கல்லில் மோதிச் சக்கரம் வளைந்தது. மாமனார் ஓரத்துப் புல்லில் விழுந்தார்.

"ஐயோ மாமா! அடிபட்டுடுச்சா?"

மாமனார் மல்லாந்து கிடந்தார். "அப்பாடா" என்றார். "இப்படிப் படுத்து மூணு நாளாச்சு."

மெக்கானிக் பக்கத்தில் மண்டியிட்டார். "என்னை மன்னிச்சிடுங்க. பிரேக்கை முடுக்கினது நான்தான். டயரைக் குத்தினதும் நான்தான். உங்களுக்கு ஆசையாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். முடியல மாமா!"

மாமனார் துள்ளி உட்கார்ந்தார். "எனக்கு ஆசையா? எனக்கு மூலம் இருக்கு மாப்பிள்ளை! அந்த சீட்டுல உக்கார்றது தூக்குத் தண்டனை. உங்களுக்குத்தான் ஆசைன்னு உங்க அத்தை சொன்னா. ரெண்டு சைக்கிளையும் எங்கேயோ தேடிப் பிடிச்சுக் குடுத்ததும் அவதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாவம்" என்றார் மெக்கானிக். "நம்ம மேல இருக்கற பாசத்துல தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க."

"தாயும் மகளும் வெள்ளை மனசு" என்று மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நொண்டி நொண்டி, வளைந்த சைக்கிளை மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு, மற்றதை உருட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் வீடு வந்தார்கள். உள்ளே டிவி அலறியது. அதையும் மீறிப் பெண்களின் சிரிப்பு கேட்டது. கதவைத் திறந்தது எதிர் வீட்டு டீச்சர். கையில் சீட்டுக்கட்டு. மெக்கானிக்கைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், வளைந்து போன சக்கரத்தைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கத்தினாள்:

"அக்கா, மத்தியானமே திரும்பிட்டாங்க, சக்கரத்தையும் வளைச்சுட்டாங்க! அடுத்த லீவுக்கு எங்க வீட்டுக்காரரை நான் எதுல ஏத்தி விரட்டுவேன்?"