தோளா, தோலா?

உலகத்து மொழிகளெல்லாம் தமிழின் பிள்ளைகள் என்ற மாபெரும் உண்மை, 1979ஆம் ஆண்டு ஆவணி மாதம், சிட்னியின் நார்த்மீட்டில், ஒரு தட்டு மீன்குழம்புக்கு முன்னால் ஐயந்திரிபற நிரூபணமாயிற்று. நிரூபித்தவர் பொறியியலாளர் விக்னராஜா. அந்த நேரம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் மனைவி சத்தியபாமா என்பது வரலாற்றுக்கு அவசியமில்லாத விவரம்.

சத்தியபாமா வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதி. அன்று ஊசி போடப் போனபோது ஸ்கொட்லாந்துக் கிழவர் ஒருவர், "போடு பிள்ளை, நான் 'தோல்' பண்ணிக்கொள்வேன்" என்றாராம். வலியை வாய்திறக்காமல் பொறுத்துக்கொள்வதற்கு அவர்கள் ஊரின் பழஞ்சொல் அது. அதை அவள் சாப்பாட்டு மேசையில் சிரிப்பாகச் சொன்னாள்.

விக்னராஜாவின் கவளம் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"தோள்! பாரம் சுமக்கிறது என்ன? தோள்! எங்கட சொல்லை எடுத்துப் பொறுமைக்கு வைச்சிருக்கிறாங்களப்பா!"

"நான் கேட்டுக்கொண்டு வந்த சொல்லு..."

"நீர் கேட்டது சத்தம். சொல்லைக் கண்டுபிடிச்சது நான்."

அடுத்த ஞாயிறே 'அனைத்துலகத் தமிழ்ச் சொல்லாராய்ச்சிச் சங்கம்' உதயமானது. உறுப்பினர் ஆறு பேர். தலைமையகம், விக்னராஜா வீட்டு முன்னறை. முதற்கூட்டத்திலேயே ஓர் அறிவுப்புயல் வீசியது. சென்னையிலிருந்து வந்த நரசிம்மன் எழுந்து, "மன்னிக்கணும் சார், அது தோள் இல்லே, தோல். தடிச்ச தோல் இருந்தாத்தானே எதையும் பொறுத்துக்க முடியும்?" என்றார்.

"தோலாலை ஆர் ஐசே சுமக்கிறது?"

"தோளுக்கு மேலேயும் தோல்தானே சார் இருக்கு?"

இந்த வாதத்தின் கனத்தில் கதிரைகள் நடுங்கின. சங்கம் தோள் கட்சி, தோல் கட்சி என இரண்டாக உடைந்தது. இரண்டு கட்சிக்கும் வடை மட்டும் ஒரே குசினியிலிருந்து வந்தது.

தீர்ப்புக்கு இலக்கியச் சான்று வேண்டும் என்று முடிவாயிற்று. அறுவரும் நூலகத்துக்குப் படையெடுத்து, பழைய ஸ்கொட்லாந்துக் கதைகளையும் பாட்டுகளையும் புரட்டி, அந்தச் சொல் வருமிடங்கள் நாற்பத்தொன்றை அட்டைகளில் குறித்து, 'தோளுதல்' என்று மொழிபெயர்த்துத் தமிழுக்கு மீட்டார்கள். அவற்றைத் தட்டச்சு செய்யும் பெரும்பேறு சத்தியபாமாவுக்கு அளிக்கப்பட்டது.

ஆய்வாளர்கள் சொல்லையும் பக்க எண்ணையும் பார்த்தார்கள். அவள் மட்டும் வாக்கியங்களைப் படித்தாள். அவற்றில் மீன்பிடிகாரன் மனைவி தோளினாள். வேலைக்காரி தோளினாள். ஓரிடத்தில் ஒரு குதிரை தோளியது. ஒரு பிரபுவாவது எங்கேயும் தோளியதாகத் தெரியவில்லை. நாற்பத்தோராவது அட்டையில், 'முப்பது வருசம் அவள் தோளினாள்' என்றிருந்தது. அதற்குப் பிறகு மூன்று புள்ளிகள்.

ஆராய்ச்சி ஒழுக்கம் அறியாத அவள், நூலகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தையே எடுத்துப் பார்த்தாள். புள்ளிகள் இருந்த இடத்தில், 'இனித் தோளமாட்டேன் என்று சொல்லிக் கதவைத் திறந்துகொண்டு போனாள்' என்றிருந்தது.

"இதையேன் விட்டனீங்கள்?" என்று கணவரைக் கேட்டாள்.

"எங்களுக்குத் தேவை சொல்லு. அவள் எங்க போனாள் எண்டது ஆராய்ச்சிக்கு வெளியில."

மாநாடு ஒரு சனிக்கிழமைக்குக் குறிக்கப்பட்டது. அதே சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குச் சத்தியபாமாவுக்குப் பிரசவத் தாதிப் பரீட்சை. வேலை முடிந்து வந்து இரண்டு வருசம் படித்திருந்தாள்.

"அடுத்த வருசமும் பரீட்சை வருந்தானே?" என்றார் விக்னராஜா. "தமிழுக்கு இன்னொரு மாநாடு வருமோ? முப்பது பேருக்கு ஆர் வடை சுடுறது?"

அவள் பதில் சொல்லவில்லை. உளுந்தை ஊறப்போட்டாள். விக்னராஜா அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டார். சொல்லாராய்ச்சி செய்பவர்களுக்கு மௌனத்தை ஆராயும் பழக்கமில்லை.

பரமட்டா மண்டபத்தில் மாநாடு காலை பத்து மணிக்கே சிறப்பாகத் தொடங்கியது. தோள், தோல் என்று இரண்டு மணி நேரம் தொண்டைகள் கிழிந்தன. பிறகு, 'பெண்குரலில் இனிமையாக இருக்கும்' என்று சான்றுகளை வாசிக்கச் சத்தியபாமாவை மேடைக்கு அழைத்தார்கள். நாற்பதை ஒரே மூச்சில் வாசித்தாள். நாற்பத்தொன்றை, புள்ளிகளை எடுத்துவிட்டு, முழுதாக வாசித்தாள். வாசித்துவிட்டுக் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"உளுந்துமா வாளிக்குள்ள இருக்கு. அடுப்பு பின்னால. நான் பரீட்சைக்குப் போட்டு வாறன்."

நரசிம்மன்தான் முதலில் சுதாரித்தார்.

"மேடம், எண்ணெய் எவ்வளவு ஊத்தணும்?"

"ஆராய்ச்சி செய்யுங்கோ," என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

பரீட்சையில் சத்தியபாமா தேறினாள். சங்கமும் சளைக்கவில்லை, அடுத்த மாதமே ஆய்வறிக்கையை வெளியிட்டது. சான்றுகளில் நாற்பது ஏற்கப்பட்டன. நாற்பத்தோராவது 'வழுவான பிரயோகம்' என நீக்கப்பட்டது. தோளுதல் என்ற வினைக்கு எதிர்மறை வடிவம் கிடையாது, பெண்பாலில் அறவே கிடையாது என்பதில் தோள் கட்சியும் தோல் கட்சியும் முதன்முதலாக ஒத்துப்போயின. ஆறு பேரும் கையொப்பமிட்டார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று அறிக்கை சொல்கிறது. அது முற்றிலும் உண்மை. அந்த ஆறு பேருக்கும் சேர்த்து இருந்தது அந்த ஒரு மனந்தான்.