ஹேமலதாவின் உரிமமும் லெயோன் முசியேவின் சேவலும்

அன்புள்ள மச்சான் கமலக்கண்ணனுக்கு,

லாஸ்பேட்டையிலிருந்து உன் அக்காள் புருஷன் விஜயராகவன் எழுதுவது. பாரிஸ் குளிரில் நீயும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க மணக்குள விநாயகர் துணையிருப்பார். இங்கே சௌக்கியமாக இருப்பது சேவல் ஒன்றுதான். போனில் சொன்னால் என் மகள் ஹேமா காதில் விழும் என்பதால் கடிதம்.

நம் ஹேமாவுக்கு என்ன வேலை என்று போன முறை கேட்டாய். டாக்டர் மாதிரி என்றேன். டாக்டர் இல்லை, பிஹேவியர் அனலிஸ்ட். பேச்சு வராத, முரண்டு பிடிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து, எதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று கவனித்து, வேறு வழி பழக்கிவிடும் வேலை. இதற்கு உரிமம் கொடுக்க நம் நாட்டில் ஆபீசே கிடையாதாம். நானும் தெரிந்த கவுண்டரில் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் கடைக்கு எத்தனை ஷட்டர் என்று கேட்டார். ஆகவே வெளிநாட்டுச் சான்றிதழ்தான். அதற்கு இவளை மேற்பார்வை பார்க்கும் பெங்களூர் நிர்மலா மேடம் இவள் வேலையை வீடியோவில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கருவடிக்குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் அடுத்த மாதமே வேலை. போடாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

இதில் ஒரு சட்டம். பிள்ளையின் குடும்பத்திடம் எதையும் வாங்கக் கூடாது. "காப்பித்தண்ணிகூட வேணாம்பா. கை நீட்டிட்டா அவங்க புள்ளையப் பத்தி நேரா பேச வாய் வராது" என்று ஹேமா தெளிவாகத்தான் சொன்னாள். நானும் தலையாட்டினேன். ஆனால் நம் ஊரில் வாசலுக்கு வந்த தட்டை வேண்டாம் என்று எவன் சொல்லியிருக்கிறான், நீயே சொல்லு.

முத்தியால்பேட்டை லெயோன் முசியே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர் பேத்தி ஏலேன் ஏதாவது வேண்டும் என்றால் கேட்கத் தெரியாமல் சுவரில் மண்டையை இடித்துக்கொள்ளும். வேண்டிய பொருளின் படத்தை எடுத்து நீட்டிக் கேட்க ஹேமா பழக்கினாள். நெற்றிக் காயம் ஆறிவிட்டது. மனுஷன் கோட்டு போட்டு, மெடல் குத்தி, கக்கத்தில் சேவலோடு வந்து நிற்கிறார். ஹேமா வீட்டில் இல்லை. சட்டம் இருக்கிறது என்றேன்.

"இது கோழி இல்ல விஜயராகவன், பிரான்சோட சின்னம். வேணாம்னா எங்க தேசத்தையே வேணாங்கிறீங்கன்னு அர்த்தம்."

கண்ணில் தண்ணீரோடு சொல்கிறார். ஒரு தேசத்தை நான் எப்படி அவமதிப்பேன்? வாங்கி மொட்டை மாடியில் கூடையைப் போட்டுக் கவிழ்த்தேன். பக்கத்து வீட்டுச் சேவல் என்று உன் அக்காள் பார்வதியிடம் சொன்னேன். "அவங்க முட்டைகூட தொட மாட்டாங்களே" என்று ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் நிர்மலா மேடம் வீடியோவில் வந்து உட்கார்ந்ததும் இந்தச் சனியன் கூவ ஆரம்பித்தது. என்ன சத்தம் என்று அவர் கேட்க, ஹேமா மாடிக்கு வந்து, கூடையைத் தூக்கிப் பார்த்து, என்னையும் பார்த்தாள். லெயோன் கொடுத்தது என்றேன். கீழே போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். கையெழுத்து நின்றுபோனது. திட்டியிருந்தால் தேவலை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டு, "இவ்ளோ பாடுபட்டேம்பா" என்றாள், அவ்வளவுதான்.

ஆகவே சேவல் உன்னுடையது, அக்காளுக்காக லெயோன் மூலம் நீதான் கொடுத்தனுப்பினாய் என்று மேடத்துக்கு ஒரு கடிதம் போடு. நாலு வரி பிரெஞ்சிலும் எழுது. பாரிஸ் முத்திரையைப் பார்த்தால் பெங்களூர் நம்பும்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, யாரிடமும் எதுவும் வாங்காத வேலைக்கு மட்டும் போகாமல் இருக்க என் ஆசி.

உன் மாமா,
விஜயராகவன்

பி.கு.: மேடத்துக்குக் கடிதம் எதுவும் போடாதே. இந்தக் கவரை ஒட்டுவதற்குள் ஹேமா வந்துவிட்டாள். மறைக்காமல் சொன்னதே போதும், சேவலைத் திருப்பிக் கொடுத்ததும் கையெழுத்து என்று மேடம் சொல்லிவிட்டாராம். நானே கொண்டுபோனேன். வாசலில் ஏலேன் வந்து சேவல் வாலைப் பிடித்துக்கொண்டு, "தா" என்றது. படம் இல்லை, ஒன்றும் இல்லை. வாயைத் திறந்து கேட்டது. இதுவரை ஒரு சொல் பேசாத பிள்ளை. லெயோன் அழுதார், நானும் அழுதேன். அழுதுகொண்டே உள்ளே ஓடியவர் ஒரு பெட்டைக்கோழியைக் கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டார். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. இங்கே பூட்டிக் கிடக்கும் உன் வீட்டுக் கொல்லையில் விட்டிருக்கிறேன். ஹேமாவுக்குத் தெரியாது. யாராவது கேட்டால் கோழி உன்னுடையது. அதை மட்டும் நாலு வரி பிரெஞ்சில் எழுதி அனுப்பு.