கவனமண்ணையும் ஓடாத காரும்

யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதையும் அரிதட்டில் போட்டுச் சலித்தாலும் கவனமண்ணையைப் போலப் பயந்த மனிதர் இன்னொருவர் அகப்படமாட்டார். இடிக்குப் பயப்படுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கவனமண்ணை மின்னலுக்கே காதைப் பொத்துவார். தேத்தண்ணீர் கொடுத்தால், "கவனம், சுடும்" என்பார். ஆறிப்போன தேத்தண்ணீர் என்றால், "கவனம், சளி பிடிக்கும்." ஒரு கலியாண வீட்டில் தாலி கட்டப்போன மாப்பிள்ளையின் காதுக்குள் அவர் "கவனம் தம்பி" என்று சொல்ல, மாப்பிள்ளை திடுக்கிட்டு எழும்பிவிட்டாராம். அதற்குப் பிறகு அவருடைய சொந்தப் பெயர் தபாற்காரருக்குக்கூடத் தெரியாமல் போயிற்று.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சண்டிலிப்பாயில் அவருடைய வீட்டின் முன் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணவருக்குக் கொழும்பில் வேலை. சண்டையால் பாதை பூட்டியதோடு அவர் அங்கேயே அகப்பட்டுவிட்டார். என் வயிற்றில் முதல் பிள்ளை. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. மேலே எந்த நேரமும் ஆமியின் ஹெலியோ குண்டு போடும் பொம்மரோ சுற்றும். ஊர் முழுக்கப் பயந்துதான் இருந்தது. நாங்கள் வேலை வெட்டிக்கு இடையில் பயந்தோம். கந்தோர் கிளாக்கர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கவனமண்ணைக்கோ பயப்படுவதே முழுநேர உத்தியோகம்.

வானத்தில் இரைச்சல் கேட்டால் முதலில் குசினிக்குள் ஓடுவார். சோறு வடிக்கிற அலுமினியப் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் இறங்குவார். ஒருமுறை பானைக்குள் கஞ்சி இருந்ததைக் கவனிக்கவில்லை. அன்று பொம்மர் போன பிறகும் அவர் வெளியே வரவில்லை. அது பயத்தால் அல்ல, வெட்கத்தால்.

அந்தப் பங்கருக்கு மேலே மூட இரும்பு தேவைப்பட்டது. இரும்பு என்று வளவில் இருந்தது ஒன்றுதான்: மாமரத்தின் கீழ் நின்ற, அவருடைய மாமனாரின் பழைய 'ஏ போட்டி' கார். மாமனார் செத்த பிறகு அதை யாரும் தொட்டதில்லை. ரயர்கள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. கூரைமேல் பூசணிக்கொடி படர்ந்து காய்த்திருந்தது. பின்சீற்றில் ஒரு பேட்டுக்கோழி முட்டையிட்டு வந்தது. கவனமண்ணை ஸ்பானரோடு போய் முன்பக்கத்துக் கதவு ஒன்றைக் கழற்றிப் பங்கருக்கு மேல் போட்டார். அடுத்ததில் கை வைக்கும்போது அவருடைய மனைவி பாக்கியக்கா வந்துவிட்டார்.

"இஞ்சருங்கோ, கழட்டினது காணும். உந்த முன்னறைப் பிள்ளைக்குப் பிரசவ நோ கண்டால் எதிலை கொண்டு போறது? சைக்கிள் கரியரிலையோ?"

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியை எனக்குள் நான் கேட்காத நாளில்லை. பங்கருக்குள் இருட்டில் பிள்ளை பெறுகிற மாதிரிக் கனவு கண்டு, வியர்த்து எழும்பி உட்கார்ந்திருப்பேன். ஆனால் அதைச் சத்தமாக ஒருவர் சொன்னதும் வாசற்படியிலேயே குந்திவிட்டேன்.

கவனமண்ணை ஸ்பானரைக் கீழே வைத்தார். அதன் பிறகு பல நாட்களாகக் கோயில் வீதி சுற்றுவதுபோல் அந்தக் காரையே சுற்றிச் சுற்றி வந்தார். சுற்றும்போது தனக்குள் கதைப்பது எங்களுக்குக் கேட்கும்.

"திருத்தினால் இயக்கப் பெடியள் கொண்டு போயிடுவங்கள். திருத்தாட்டி பிள்ளை றோட்டிலை கிடக்கும். ஓடினால் சத்தத்துக்கு ஹெலி வரும். ஓடாட்டி இவள் என்னைக் கொல்லுவாள்."

கடைசியில் நீர்வேலியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். மெக்கானிக் பொனற்றைத் திறந்தார். எலிக்குடும்பம் ஒன்று அவரை அண்ணாந்து பார்த்தது. மெதுவாக மூடினார்.

"அண்ணை, உதைத் திருத்திறதிலும் பாக்க, இஞ்சையே குழி வெட்டித் தாட்டுப்போட்டு அந்திரட்டிச் சடங்கும் செய்துவிடலாம்."

கவனமண்ணையின் முகத்தில் நான் அதற்கு முன் கண்டிராத நிம்மதி. தீர்ப்பு வந்துவிட்டது, இனி அவர் பொறுப்பில்லை. ஆனால் பாக்கியக்கா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்த மெக்கானிக்குக்கு மனம் மாறிவிட்டது. எலிகளைக் கலைத்தார். இறுகிப்போன எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் ஊற்றி ஊறவிட்டுப் போனார். திரும்பி வந்து முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுழற்றினார். எஞ்சின் ஒரு முனகல் முனகிச் சுற்றியது.

"இது சாகேல்லை அண்ணை. மயக்கம்தான்."

நிம்மதி போய்விட்டது. கவனமண்ணை மாமரத்தைப் பிடித்துக்கொண்டார். என்னை ஒருமுறை பார்த்தார். என் வயிற்றைப் பார்க்கக் கூசி, உடனே காரைப் பார்த்தார்.

"சரி. உள்ளுக்கை மட்டும் திருத்தும். வெளியிலை துருப்பிடிச்ச கறள் ஒண்டையும் தொடக்கூடாது. கொடியும் இருக்கட்டும், கோழியும் இருக்கட்டும்."

உலகத்தில் வேறெங்காவது ஒருவர் தன் காரைத் திருத்தக் கொடுத்து, திருத்தியது தெரியக்கூடாது என்று கெஞ்சியிருப்பாரா தெரியாது. ரேடியோவில் செய்தி கேட்க வைத்திருந்த பற்றறி காருக்குள் போனது. கிளப்புவதற்கு மட்டும் நாலு துளி பெற்றோல், கண்மருந்துப் போத்தல் ஒன்றில். மிச்ச ஓட்டத்துக்கு மண்ணெண்ணெய். பிரேக் மட்டும் சரிவரவில்லை. எஞ்சினைச் சோதிக்க வேண்டும் என்றபோது கவனமண்ணை ஒப்பவில்லை, சத்தம் கேட்டுவிடுமாம். மத்தியானப் பூசைக்குக் கோயில் மணி அடிக்கும்வரை மெக்கானிக் ஹாண்டிலைப் பிடித்தபடி வெயிலில் நின்றார். மணி அடித்த நேரம் கார் வெள்ளைப் புகை கக்கி ஓடியது. மணி நிற்க, கவனமண்ணை வயரைப் பிடுங்கிவிட்டார்.

அடுத்த கிழமையே இரண்டு பெடியள் சைக்கிளில் வந்து படலையைத் திறந்தார்கள்.

"அண்ணை, உந்தக் கார் ஓடுமோ?"

கவனமண்ணைக்குப் பொய் சொல்லவும் பயம். உண்மை சொல்லவும் பயம். சாறத்தை இறுக்கி இறுக்கிக் கட்டினார். அந்த நேரம் பேட்டுக்கோழி கேரிக்கொண்டு கார் யன்னலால் பறந்து வந்தது. ஒருவர் உள்ளே கைவிட்டுச் சுடச்சுட முட்டையை எடுத்தார்.

"இதென்ன, கோழிக்கூடோ?"

"ஓம்."

அவர்கள் சிரித்துக்கொண்டு முட்டையைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். கவனமண்ணைக்கு அன்றைக்கே காய்ச்சல். போர்வைக்குள் இருந்தபடி என்னைக் கேட்டார்: "நான் பொய் சொல்லேல்லைத்தானே பிள்ளை? கோழி அதுக்கைதானே இருக்குது?"

எனக்கு நோ கண்டது ஒரு பட்டப்பகலில். பாக்கியக்கா ஓடிப்போய் அடுத்த ஒழுங்கை மருத்துவிச்சியைக் கூட்டிவந்தார். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், முகம் மாறியது.

"பிள்ளை குறுக்கை கிடக்குது. இஞ்சை வைச்சுப் பாக்கேலாது. கெதியாப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

மேலே ஹெலி சுற்றிக்கொண்டிருந்தது. கவனமண்ணை பங்கருக்குள். பாக்கியக்கா அதன் வாசலில் போய் நின்றார்.

"இஞ்சருங்கோ, வெளியிலை வாங்கோ."

"ஹெலி போகட்டும், இஞ்சரும்."

"ஹெலி போகும். பிள்ளையும் போயிடும்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு பானை மேலே வந்தது. பானைக்குக் கீழே அவர் வந்தார்.

பூசணிக்கொடியை அடியில் வெட்டியதோடு சரி, அதை இழுத்தெறிய நேரமில்லை. காய்களையும் இலைகளையும் சுமந்தபடி கார் ஒழுங்கையால் வெளியேறியது. பின்சீற்றில் பாக்கியக்காவின் மடியில் நான். கோழி கோபித்துக்கொண்டு முன்சீற்றில் கார் ஓட்டிய கவனமண்ணைக்குப் பக்கத்தில் ஏறி இருந்தது. கதவில்லாத பக்கத்தால் புழுதி அள்ளி வீசியது.

மானிப்பாய் தாண்டிய வெளியில் ஹெலி எங்கள் பக்கம் திரும்பியது. சடசடவென்று சுடும் சத்தம். வயலுக்குள் மண் கோடாய் எழும்பியது. தெருவில் போனவர்கள் சைக்கிள்களைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் விழுந்து படுத்தார்கள்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். "இறங்கிப் படுப்பம்!"

"நிப்பாட்டினால் இது திரும்ப வெளிக்கிடாது பிள்ளை! உம்மாலை குப்புறப் படுக்கவும் ஏலாது!"

பானைக்குள்ளிருந்து வந்த குரல் அழுதது. தோள் இரண்டும் குலுங்கின. இலை உதிர்ந்தாலே குந்திக்கொள்ளும் மனிதர். முதுகை வளைக்காமல், பெடலை அமத்திய காலை எடுக்காமல் காரை ஓட்டினார். மேலிருந்து பார்த்தவனுக்கு ஒரு பூசணித் தோட்டம் ஊர்ந்து போவதாகத் தெரிந்திருக்கலாம். இன்றைக்கு இதைச் சொல்லிச் சிரிக்கிறேன். அன்றைக்கு, வயிற்றுக்குள் இருந்ததை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன்.

பெரியாஸ்பத்திரி வாசலில் அடுக்கியிருந்த மண்மூட்டைகளில் மோதித்தான் கார் நின்றது. வயிற்றை வெட்டி என் மகளை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்றார் டொக்டர். அதே நேரம் கவனமண்ணை வெளியே மதிலோரம் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாராம்.

அதற்குப் பிறகு பாம்பு கடித்தவர்கள், நோ கண்டவர்கள் எல்லாரும் அவருடைய படலையில்தான் வந்து தட்டினார்கள். "ஓடாது, ஓடாது" என்று முதலில் சத்தியம் செய்வார். பிறகு பானையைத் தேடுவார். பெடியள் அந்தக் காரைக் கொண்டு போகவில்லை. அதைப் பார்த்து யாருக்கு ஆசை வரும்? தொண்ணூற்றைந்தில் ஆமி வர, ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, நடக்கமாட்டாத கிழவிகளை ஏற்றிக்கொண்டு சாவகச்சேரிவரை போனார். அங்கே ஒரு தென்னங்காணியில் எஞ்சின் ஒரேயடியாய் நின்றுவிட்டது.

அந்தத் தென்னங்காணியில்தான் நான் அவரைக் கடைசியாகக் கண்டது. காருக்குப் பக்கத்தில் பாய் போட்டு இருந்தார். என் மகள் அவருடைய பானையைத் தட்டி விளையாடினாள். நெடுநாள் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அண்ணை, அண்டைக்கு மட்டும் உங்களுக்கு எங்கையிருந்து துணிவு வந்தது?"

"துணிவோ? விசர்க்கதை கதையாதை பிள்ளை. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டெல்லோ கார் ஓடினனான்."

ஆனால் அன்றைக்கு அந்தக் காரின் உடைந்த பின்பார்வைக் கண்ணாடியில், வழி முழுக்கப் பின்சீற்றில் எனக்கு உயிர் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்த இரண்டு ஈரக் கண்களை நான் கண்டிருந்தேன்.