விண்வெளி நாயின் உறவினர்கள்

“அந்த நாய் எப்பம்மா திரும்பி வரும்?”

என் நாலு வயது மகள் தினமும் கேட்கிறாள். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டவர் கண்ணீர் அண்ணன்.

கண்ணீர் அண்ணன் போஸ்டர் ஒட்டாமல் தேனியில் யாரும் முழுதாகச் செத்ததில்லை. அல்லிநகரத்தில் பிளக்ஸ் கடை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எல்லாம் அடிப்பார்; பேர் வாங்கித் தந்தது என்னவோ ‘கண்ணீர் அஞ்சலி’தான். சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்துவிட்டதாகக் கேள்வி.

குழந்தைக்காக வேலையை விட்ட எனக்கு, இந்த வருஷம்தான் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் கண்காட்சி வடிவமைக்கும் வேலை கிடைத்தது. விண்வெளிக்கு முதலில் போவது யார் என்று இரண்டு வல்லரசுகள் மோதிக்கொண்டபோது அடித்த பிரச்சாரப் போஸ்டர்களைப் பெரிதாக அச்சிட்டு மாட்ட வேண்டும். நன்றாக வந்தால் வேலை நிரந்தரம் என்றார் இயக்குநர். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மகளையும் தூக்கிக்கொண்டு பிளக்ஸ் கடைக்கு அலைந்தேன். தூங்கி எத்தனை நாளாயிற்று என்று நினைவில்லை.

கண்ணீர் அண்ணன் முதல் மாதிரியைக் காட்டினார். ராக்கெட்டுக்குக் கீழே வட்ட வட்டமாக இயக்குநர், என் கணவர், மாமனார், நான். இயக்குநரைத் தவிர மற்றவை எங்கள் கல்யாண பிளக்ஸிலிருந்து எடுத்த தலைகளாம்.

“தலை இல்லாத போஸ்டர எவன்த்தா நின்னு பாப்பான்?”

இது வரலாறு, உள்ளது உள்ளபடி வேண்டும் என்று கெஞ்சி நீக்க வைத்தேன். அடுத்ததில், நிலாவில் நிற்பவரின் தலைக்கு மேல் ‘வருக வருக’. அவ்வளவு தூரம் போனவரை வாவென்று கூப்பிடாவிட்டால் மரியாதையில்லையாம். அதையும் நீக்க வைத்தேன்.

கடைசியாக, மனிதர்களுக்கு முன்னால் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிய நாய், நட்சத்திரங்களுக்கு நடுவே நிமிர்ந்து பார்த்தபடி.

“இது திரும்பி வந்துச்சாத்தா?”

மகள் காதில் விழாமல், இல்லை என்றேன்.

“தெரிஞ்சேவா அனுப்புனாக?”

ஆமாம் என்றேன். மவுஸை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

திறப்பு நாள் காலையில், நாய் போஸ்டருக்குப் பக்கத்தில் நான் கேட்காத ஒன்று தொங்கியது. கறுப்புக் கட்டம், ‘கண்ணீர் அஞ்சலி’, அதே நாய். கீழே வட்ட வட்டமாக நாய்த் தலைகள்: பேருந்து நிலையத்துக் கறுப்பன், மீன்கடை வாசல் செவலை, லோயர் கேம்ப்பிலிருந்து யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒற்றைக் காதன். ‘ஆழ்ந்த வருத்தத்துடன், உறவினர்கள்.’

“கழட்டுங்கண்ணே. என் வேலை போயிரும்.”

“கழட்டிருறேன்த்தா. நாய அனுப்பிட்டு இம்புட்டு போஸ்டர் அடிச்சவன், இத மட்டும் விட்டுட்டானேன்னுதான்.”

அவர் ஏணியில் கால் வைக்கவும் இயக்குநர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, எந்த நாட்டுப் போஸ்டர் என்று கேட்டார்.

“நம்ம நாட்டுது சார்” என்றது என் வாய்.

“இருக்கட்டும்” என்று நகர்ந்தார். வேலை நிலைத்தது. செய்தது சரியா என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.

என் மகளுக்குப் படிக்கத் தெரியாது. வட்ட வட்டமாகத் தலைகளைக் காதுகுத்து பிளக்ஸில்தான் பார்த்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்தாயிற்று, விசேஷம் வைத்த நாய் எப்போது வரும் என்று முதலில் அவரைத்தான் கேட்டாள். ஊரில் அத்தனை சாவையும் சுவரில் ஒட்டிய மனிதர் ஏணியை மடக்கித் தோளில் தூக்கினார்.

“அம்மாட்டக் கேளுத்தா” என்று ஏணியோடு வெளியே போய்விட்டார்.

நாலு வயதுக்கு இதை எப்படிச் சொல்வது? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள். பாப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்று தினமும் போனில் கேட்கிறார் கண்ணீர் அண்ணன். இன்னும் இல்லை என்றால், “மெதுவாச் சொல்லுத்தா” என்று மூச்சு விடுகிறார். அவருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.