வடைக்கு அடியில் இருந்த மனிதர்

"நம் படைப்பாளிகளை நாம்தான் ஆதரிக்க வேண்டும்" என்று மேடையில் முழங்குகிறவரின் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அலுமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கும். பாதிப் புத்தகங்கள் வெளியீட்டு விழாவில் வாங்கிய பையோடு அப்படியே இருக்கும். யாரையும் பழி சொல்ல இதை எழுதவில்லை. அந்த அலுமாரி, தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில், என் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறது.

லண்டன் தமிழ்ப் புத்தக வெளியீடுகளில் முப்பது வருடங்கள் நான் ஆஸ்தான பேச்சாளன். பன்னிரண்டு நிமிடப் பேச்சு. கலைஞனை வாழும்போதே போற்றுவோம், விலை கொடுத்து வாங்குவோம், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம். எந்த நூலுக்கும் பொருந்தும். (நூலின் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். ஒருமுறை அதையும் மாற்ற மறந்தேன். நூலாசிரியர் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள்.)

இப்படிப்பட்ட எனக்கு மருமகளாக வந்தவள் மாரிசெல். பிலிப்பைன்ஸ்காரி. என் மகன் சேந்தன் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எங்களோடு பேசிப் பேசியே யாழ்ப்பாணத் தமிழைப் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்த நேரங்களில் கொமிக்ஸ் வரைவாள். அவளுடைய ஊரில் தெருமுனைக் கடைகளில் கொமிக்ஸ் புத்தகங்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்களாம். வாடகைக்கு எடுத்து அங்கேயே வாங்குப் பலகையில் இருந்து வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்களாம். அப்படி வாசித்து வளர்ந்தவள் தன் தகப்பனைக் கதையாக வரைந்துகொண்டிருந்தாள். பயணிகளை ஏற்றும் ஜீப் வண்டி ஓட்டிய மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவுக்கே கிற்றார் வாசித்தவர். அவர் இறந்தபோது இவள் இங்கே இருந்தாள்; போக முடியவில்லை. அவர் கிற்றாரோடு இருக்கும் ஒரு நல்ல புகைப்படம்கூட இல்லை. அதனால் நினைவிலிருந்து வரைந்தாள்.

முதல் பாகத்தை அச்சடித்து எனக்கு ஒரு பிரதி தந்தாள். அட்டையைப் பார்த்து, "நல்ல பொழுதுபோக்கு, பிள்ளை" என்று சொல்லி அலுமாரியில் வைத்தேன். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவன் நான். இன்றும் அப்படித்தான். ஆனால் படம் போட்ட கதை என் கணக்கில் புத்தகம் ஆகாது.

மூன்று வருடங்களுக்கு முன், தென் லண்டனில் படம் வரைகிற, பாடுகிற பிலிப்பைன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெதமில் ஒரு மண்டபத்தில் ஒருநாள் சந்தை வைத்தார்கள். பக்கத்துச் சமூகத்தவர் ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால் நல்லது என்றார்களாம்.

"மாமா, நீங்கள் கதைப்பீங்களோ?" என்று கேட்டாள் மாரிசெல்.

என்னிடம் இப்படிக் கேட்கலாமா? பழைய பேச்சை எடுத்தேன். ஆங்கிலத்தில் மாற்றினேன். தமிழர் என்று வந்த இடத்தில் எல்லாம் பிலிப்பினோ என்று போட்டேன். இருபது நிமிடத்தில் உரை தயார்.

சந்தைக்கு இரண்டு வாரம் முன்பு அவள் இரண்டாம் பாகத்தின் பத்துப் பக்கங்களைக் கொண்டுவந்தாள். மையும் வர்ணமும் பட்டால் கடதாசி நெளிந்துவிடுமாம்; பாரம் வைத்து நிமிர்த்த வேண்டுமாம். "உங்கட அகராதிகள்தான் நல்ல பாரம், மாமா" என்று அவற்றின் அடியில் வைத்துவிட்டுப் போனாள். (என் நூலகத்துக்குக் கிடைத்த முதல் நேர்மையான விமர்சனம்.)

சந்தை நாள் காலையில் என் மனைவி சரோ நூற்றுச் சொச்சம் கடலை வடை சுட்டாள். வெறுங்கையோடு போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அடுக்குவது என் பொறுப்பு.

"இஞ்சாருங்கோ, கிச்சின் பேப்பர் முடிஞ்சுது. ஏதாவது கடதாசி விரிச்சு அடுக்குங்கோ. இல்லாட்டி எண்ணெயில மிதக்கும்."

வீட்டில் பத்திரிகை இல்லை. எல்லாம் போனில் வாசிக்கிற காலம். முன்னறைக்குப் போனேன். இத்தனை புத்தகம் இருந்தும் ஒரு தாளைக் கிழிக்க மனம் வரவில்லை. சரஸ்வதி அல்லவா? அகராதியைத் தூக்கினேன். தடித்த, அருமையான கடதாசி. அடியிலிருந்து மூன்று தாளை உருவினேன். பெட்டிக்கு அளவெடுத்ததுபோல் இருந்தன.

சற்று நேரத்தில் மாரிசெல் காரோடு வந்தாள். கதவைத் திறந்த என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா, கண்ணாடி முழுக்க எண்ணெய்." என் மூக்கிலிருந்து கழற்றி, தன் சட்டை நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டாள். பிறகு அகராதியைத் தூக்கித் தாள்களை எடுத்துக் கோப்பில் வைத்தாள். எண்ணிப் பார்க்கவில்லை. மாமனார் வீட்டில் வைத்த பொருளை யார் எண்ணுவார்கள்?

மண்டபத்தில் நான் எதிர்பார்த்தது எங்கள் விழா போன்ற ஒன்றை. விளக்கு, வாழ்த்துரை, கொட்டாவி. அங்கே கண்டது வேறு. ஆட்கள் சின்னச் சின்னப் புத்தகங்களை வாங்கி, நின்ற இடத்திலேயே வாசித்தார்கள். வரைந்தவரிடமே திரும்பிப் போய், "இவன் ஏன் இப்படிச் செய்தான்?" என்று சண்டை பிடித்தார்கள். ஒரு மூலையில் பாட்டு. பாடத் தெரிந்தவரும் தெரியாதவரும் சேர்ந்து பாடினார்கள். வடைப் பெட்டியை மாரிசெலின் மேசையில் வைத்துவிட்டு மேடை ஏறினேன்.

ஐந்து நிமிடம் பத்தொன்பது நிமிடமானது. அடுத்துப் பாட வேண்டிய நாலு இளைஞர்கள் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். "உங்கள் இளைஞர்கள் உங்கள் பாடல்களை மறந்துவிட்டார்கள்" என்றேன். பின்னால் ஒருவன் நரம்பைச் சுண்டினான். சபை சிரித்தது. என் நகைச்சுவை எடுபடுகிறது என்று நினைத்து, "இரண்டாயிரம் ஆண்டு பழமையான நமது தமிழ் மரபு" என்றேன். மாற்ற மறந்த இடம். அதற்கும் கைதட்டினார்கள். மிகவும் மரியாதையான மக்கள்.

அப்போதுதான் என் பார்வை வடைப் பெட்டியில் விழுந்தது. ஆட்கள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். வடை குறையக் குறைய அடியிலிருந்து ஏதோ எழுந்து வந்தது. முதலில் ஒரு சக்கரம். பிறகு கிற்றாரின் கழுத்து. பிறகு ஐந்து விரல்கள். வாயை நிறுத்த என்னால் முடியவில்லை. முப்பது வருடப் பழக்கம். "ஒரு கலைஞனின் உழைப்பை வீணாக்க நமக்கு என்ன உரிமை?" என்று கேட்டேன்.

ஏர்னி என்ற முதியவர், பாட வந்தவர், பெட்டியில் அந்த மூலையில் இருந்த கடைசி வடையை எடுத்தார். மெல்லுவதை நிறுத்தினார். முதல் பாகத்தை வாசித்தவர் போலும்.

"மாரிசெல், இது உன் அப்பா அல்லவா?"

நான் இறங்கி ஓடினேன். அவள் தாளைத் தூக்கினாள். எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. தகப்பனின் முகத்தில் வடை வட்டமாகப் பதிந்திருந்தது.

"கொப்பி இருக்குத்தானே, பிள்ளை?"

"இல்லை, மாமா. இண்டைக்கு எல்லாருக்கும் காட்டிப்போட்டுத்தான் ஸ்கேன் பண்ண இருந்தன்."

"நான் கண்ணாடி போடேல்லை, பிள்ளை" என்றேன். "வெறும் கடதாசி எண்டு நினைச்சிட்டன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சற்று அதிக நேரம் பார்த்தாள்.

"ஓம், மாமா" என்றாள்.

வெளியே போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். மூன்று தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். வேலையில் எக்ஸ்ரே பார்க்கிற பழக்கமோ என்னவோ. வெளிச்சம் பின்னாலிருந்து வந்து, அந்த மனிதரின் கோடுகள் எல்லாம் தெரிந்தன. ஏர்னி கதிரையை இழுத்து அங்கே போட்டு, படத்தில் இருந்த விரல்களைப் பார்த்துப் பார்த்துத் தன் விரல்களை நரம்பில் வைத்தார். "சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறார்" என்று சொல்லி வாசிக்கத் தொடங்கினார்.

நான் போய் முதல் பாகத்தை எடுத்து ஒரு தூணோரம் நின்று வாசித்தேன். கால்மணி நேரம்தான் எடுத்தது. அலுமாரியில் இருந்த பிரதிக்கு அதுவரை நான் கொடுக்காத கால்மணி நேரம். மழை நாளில் வண்டி பழுதாகிவிட, பயணிகள் கோபிக்காமல் இருக்க அவர் கிற்றாரை எடுக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே தாளைத் திருப்ப முடியாமல் நின்றேன்.

மூன்று பக்கங்களையும் அவள் பிறகு திரும்ப வரைந்தாள். "முகம் வந்திட்டுது, மாமா. கைதான் முந்தி மாதிரி வரேல்லை" என்று ஒருமுறை சொன்னாள்.

அதன்பின் நான் மேடை ஏறவில்லை. வருடாவருடம் அந்தச் சந்தையில் அவளுடைய மேசையில் உதவிக்கு இருக்கிறேன். மற்றவர்களின் புத்தகங்களையும் வாங்கி, நின்றே வாசித்து, வரைந்தவரிடம் போய்ச் சண்டை பிடிக்கிறேன். அங்கே எனக்குப் பெயர் லோலோ வடை. லோலோ என்றால் அவர்கள் மொழியில் தாத்தா. வீட்டிலோ வேறு பகிடி. கவுன்சில் கடிதமோ பிறந்தநாள் அட்டையோ, என் கையில் எந்தத் தாளைத் தர வந்தாலும் பேத்தி மீனா முதலில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்பாள்:

"அப்பப்பா, கண்ணாடி போட்டிருக்கிறியளோ?"

சென்ற மாதம் இரண்டாம் பாகம் அச்சாகி வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு படம். முன்னறையில் ஒரு கிழவன் ஒரு கையால் அகராதியைத் தூக்கி, மறு கையால் தாளை உருவுகிறான். மூக்கில் கண்ணாடி.

சரோ பார்த்துவிட்டுக் கேட்டாள். "இதென்ன, பிள்ளை? அண்டைக்கு இவர் கண்ணாடி போடேல்லையே. பிழையாக் கீறிப்போட்டாய்."

மாரிசெல் தேநீரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "கண்ணாடி இல்லாட்டி மாமாவை ஆருக்கும் அடையாளம் தெரியாது, மாமி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் துடைத்து மாட்டிவிட்ட கண்ணாடி.

ஆகவே இதைச் சொல்லிவிடுகிறேன். அன்று காலை எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கிற்றார் தெரிந்தது, முகம் தெரிந்தது, அது யார் என்பதும் தெரிந்தது. மூன்று தாள்தானே, கொமிக்ஸ்தானே என்று நினைத்தேன். நினைத்து, வடையை அடுக்கினேன்.

அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த என்னிடம் மீனா வழக்கம்போல் நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள். மாரிசெலும் இந்த முறை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம், பிள்ளை" என்றேன். "போட்டிருந்தனான்."