புதுச்சத்திரம் வேகத்தடையும் அரைத் தூக்கு மீன் குழம்பும்

தேவனாம்பட்டினம்,
கடலூர்

அன்புள்ள மச்சான் அரசுவுக்கு,

உன் அக்கா புருஷன் ஆண்டி எழுதுவது. இங்கே நாங்கள் சௌக்கியம், மஸ்கட்டில் நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நீ விட்டுப்போன காரும் சௌக்கியம்தான், முன்சீட்டைத் தவிர. போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் பேனாவை எடுத்தேன். பொறுமையாகப் படி.

லீவு முடிந்து கிளம்பும்போது, "மாமா, வாரத்துக்கு ஒரு தடவ எடுத்து ஓட்டுங்க, இல்லன்னா பேட்டரி போயிடும்" என்று சாவியைக் கொடுத்தாய். அதன் என்ஜினுக்குள் எத்தனை விசைப்படகு ஒளிந்திருக்கிறது என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திருவந்திபுரத்தில் பூஜை போட்டோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஐயர் ஏற்றச் சொன்னார். டிரைவிங் ஸ்கூல் வண்டியை மிதித்த பழக்கத்தில் மிதித்தேன். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று, பழம் நசுங்காமல் பறந்துபோய்ப் பூக்காரம்மா மடியில் விழுந்தது. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

என் ஆசை உனக்குத் தெரியும். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறினாலே வாடை அடிக்குது, இறங்கு என்று எத்தனை கண்டக்டர்கள் உன் அக்காவை இறக்கிவிட்டிருக்கிறார்கள். அவளை ஒரு தடவையாவது முன்சீட்டில் உட்கார வைத்து சிதம்பரம் அண்ணாமலை நகருக்குப் போய், நம் அனுப்பிரியாவின் குவார்ட்டர்ஸ் வாசலில் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். மகளுக்கு வஞ்சிரக் குழம்பு வைத்த உன் அக்கா தைலம்மாள், "நீ ஓட்டுற லட்சணத்துக்கு அரைத் தூக்கு போதும்யா" என்று பாதிதான் ஊற்றினாள். எலுமிச்சம்பழத்தை அவள் மறக்கவில்லை.

ஆலப்பாக்கம் வரை நல்லபடியாகத்தான் போனேன். மழை விட்டுத் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. புதுச்சத்திரத்துக்கு முன்னால் திடீரென்று எதிரே ஒரு வேகத்தடை. முகத்துவாரத்தில் பெரிய அலை எழுந்தால் மோட்டாரை முறுக்கி ஏறிவிட வேண்டும், தயங்கினால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். நீயும் என் படகில் வந்தவன்தானே, உனக்கே தெரியும். என் கால் அதை அலை என்றே நினைத்து அழுத்திவிட்டது மச்சான். வண்டி எகிறி விழுந்தது, ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கியது, நான் பயந்துபோய்ப் பிரேக்கில் ஏறி நின்றேன், ஒரு சுற்றுச் சுற்றி, சிதம்பரம் போன வண்டி கடலூரைப் பார்த்து நின்றது. எதிரே யாரும் வராதது பெருமாள் புண்ணியம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தூக்கின் மூடி மட்டும் எங்கேயோ போய்விட்டது, குழம்பு முழுக்க உன் வெள்ளை முன்சீட்டிலும் அவள் பட்டுப்புடவையிலும் இருந்தது.

தைலம்மாள் இறங்கி, தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அந்தப் புடவையோடு ஏறியவளைக் கண்டக்டர் வாடை அடிக்குது, பின்னாடி போ என்றதை நான் காதால் கேட்டேன். எந்தச் சொல்லை இனி அவள் கேட்கக் கூடாது என்று நினைத்தேனோ, அதை நானே கேட்க வைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதிலிருந்து தினமும் விடியற்காலையில் அவளுக்குத் தெரியாமல் பீச் ரோட்டில் பழகுகிறேன். முன்சீட்டில் தூக்கு நிறையத் தண்ணீர் வைத்து ஓட்டுகிறேன். மொத்தமாக மிதிக்காமல் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். பின்பக்கம் வழுக்கினால் அது போகிற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, காலை மெல்லத் தளர்த்தி, போக வேண்டிய இடத்திலேயே கண்ணை வைக்க வேண்டும். இப்போது ஒரு சொட்டுகூடச் சிந்துவதில்லை. ஆனால் என்ன பிரயோசனம்? உன் அக்கா வண்டிப் பக்கமே திரும்புவதில்லை. அவள் உட்காராத வண்டி எனக்கு எதற்கு? பாண்டிச்சேரியில் இருக்கும் உன் சிநேகிதனை அனுப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல். சீட்டை மூன்று தடவை சீயக்காய் போட்டுக் கழுவினேன், வெயில் ஏறினால் மட்டும் கொஞ்சம் வஞ்சிரம் வாடை வரும்.

வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராமல் தேவநாத சுவாமி பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உன் மாமா
ஆண்டி

பின்குறிப்பு: சிநேகிதனை அனுப்பாதே. உறையை ஒட்டும் நேரத்தில் உன் அக்கா வந்து, "என்னா எழுதிக்கினு இருக்க? சிதம்பரம் போவணும், கெளம்பு" என்றாள். பஸ்ஸிலா என்று கேட்டேன். "தெனம் தண்ணிய வச்சிக்கினு பீச்சுல சுத்துறத ஊரே பாக்குது, நான் பாக்க மாட்டனா?" என்று சொல்லிவிட்டுப் போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் தூக்கு இருக்கிறது. எட்டிப் பார்த்தேன். விளிம்பு வரை ஊற்றியிருக்கிறாள்.