பந்து கோட்டைத் தாண்டியதா என்று பார்க்கப் பத்தியம் இருந்தேன்

மதிப்புக்குரிய பெரிய மச்சான் தெமெத்ரியோ சினுயிரி அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எவரிஸ்தோ கவுப்பெர் பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், தீர்ப்பு வரும்வரை, தூண்மேல் நிற்கும் என் வீட்டுக்கடியில் கட்டிப்போட்டிருக்கும் பரிசுப் பன்றியும் சுகம். அங்கே நீங்களும், கோபித்துக்கொண்டு வந்து உங்களோடு இருக்கும் என் ஒலிண்டாவும் சுகமாக இருக்க உக்காயாலி ஆறு அருள வேண்டும்.

மச்சான், நம் இரண்டு ஊருக்கும் நடந்த கடைசி ஆட்டத்தில் நடுவராக நின்ற பாவி நான். உங்கள் மகன் உதைத்த பந்து கம்பத்தில் மோதிக் கோட்டருகே விழுந்தது, நீங்கள் கோல் என்றீர்கள், எங்கள் ஊரார் இல்லை என்றார்கள், எல்லாரும் என்னைப் பார்க்க நான் "தெரியலையே" என்றேன், அத்தோடு என் குடும்பம் கலைந்தது. அன்று சாயங்காலம் ஒலிண்டா துணியை மூட்டை கட்டிக்கொண்டே கேட்டாள்: "விசிலை வாயில வெச்சுக்கிட்டுக் கண்ணை எங்கய்யா வெச்சிருந்த? அந்தப் பக்கம் பொண்ணுங்க டீம் காலை நீட்டி உக்காந்திருந்துச்சே, அங்கதானே?" சத்தியமாக எனக்குப் பதில் தெரியவில்லை மச்சான். ஓடுகிற ஓட்டத்தில் தன் கண் எங்கே போனது என்று எந்த மனிதன் நினைவு வைத்திருப்பான்? "அதைச் சொல்லிட்டு அப்புறம் என்னைக் கூப்பிடு" என்று படகேறிவிட்டாள். அன்றிலிருந்து என் வீடு வீடாக இல்லை.

காணாமல் போன படகு எஞ்சினையே, குடித்தால் காட்சி காட்டும் கொடிக் கஷாயம் கொடுத்துக் கண்டுபிடிக்க வைத்த பாஸ்குவாலா அத்தை இருக்கும்போது, ஒரு பந்தைக் கண்டுபிடிக்க முடியாதா என்று காட்டுக்குள் இருக்கும் அவள் குடிலுக்குப் போனேன். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். "பத்தியத்துக்கு வர்றவன் பன்னி வாடையோடயா வருவ? கொடிக்கு ஆகாதுன்னு தெரியாது?" என்று பச்சிலைத் தண்ணீரை மொண்டு மொண்டு என் தலையில் ஊற்றினாள். பிறகு கஷாயத்துக்கு முன் இருக்க வேண்டிய பத்தியம்: உப்பில்லை, சர்க்கரையில்லை, மிளகாயில்லை, வாழைக்காயை அவித்து, சுட்ட மீனைப் பிய்த்து, காற்றைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். சில நாளில் மழைக்கு முன்னால் மழையின் வாசனை வந்தது, எறும்பு நடப்பது கேட்டது, ஒலிண்டா உப்புப் போட்டுக் கிளறும் மீன் குழம்பு மரக்கிளையிலெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒலிண்டாவே சின்னப் படகில் கரைக்கு வந்தாளே, அதுதான் என் தலையெழுத்து. பத்தியக்காரன் பெண்டாட்டி முகத்தில் விழிக்கக்கூடாது என்பதால் நான் கொசுவலைக்குள் புகுந்து குப்புறப் படுத்துக்கொண்டேன். வழக்கம் அவளுக்கும் தெரியும்தான், தெரிந்தால் கோபம் வராதா? "என் மூஞ்சியப் பாக்காம இருக்கத்தானே பத்தியம் புடிச்ச! நல்லா இரு!" என்று கத்திவிட்டுத் துடுப்பைத் தண்ணீரில் அறைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு நான் அழுதேன் மச்சான். வலைக்குள் என்னோடு மாட்டிக்கொண்ட ஒரே ஒரு கொசுதான் அதற்குச் சாட்சி.

பக்கத்துக் குடிலில் ஸ்விட்சர்லாந்திலிருந்து யூர்க் என்று ஒருவர், தான் யார் என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார். நீ எதற்கு வந்தாய் என்று கேட்டார். பந்து கோட்டைத் தாண்டியதா என்று பார்க்க என்றேன். மனிதர் கண் கலங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு, இதைவிட ஆழமான கேள்வியைத் தான் கேட்டதே இல்லை என்றார். பரிசு ஒரு பன்றி என்று சொன்னேன். அதற்கும் கண் கலங்கினார்.

கஷாயம் குடித்த ராத்திரி அத்தை என் உச்சந்தலையில் புகையிலைப் புகையை ஊதிவிட்டுப் பாட ஆரம்பித்தாள். முதலில் வயிற்றிலிருந்ததெல்லாம் வாளிக்குப் போயிற்று, அதை விவரிக்க வேண்டாம். அப்புறம் இருட்டு மெல்ல அவிழ்ந்தது. பாட்டு கோடு கோடாக இறங்கி வந்து நம் பெண்கள் துணியில் போடும் பின்னல் கோலமாக விரிந்தது, அதன்மேல் ஆறு எழுந்து பாயைப் போலச் சுருட்டிக்கொண்டு விலகியது, அடியில் நம் மைதானம் கிடந்தது. வெயில் தேன் நிறத்தில் நின்றது. எல்லாரும் தண்ணீருக்கடியில் ஓடுவது மாதிரி மெதுவாக ஓடினார்கள். உங்கள் மகன் உதைத்தான். பந்து அவசரமே இல்லாமல் மிதந்தது. இதோ பார்க்கப்போகிறேன் என்று நினைத்தேன், என் கழுத்து திரும்பவில்லை மச்சான்! எவ்வளவோ கெஞ்சினேன். தலை கரைப்பக்கமே நின்றுவிட்டது. அங்கே மாமரத்தடியில் ஒலிண்டா மரவள்ளிக் கள்ளைச் சுரைக்குடுவையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டால் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். ஒரு முடிக்கற்றை கன்னத்தில் ஒட்டியிருந்தது, உதட்டைக் கோணி அதை ஊதிவிட்டாள். விடியும்வரை அந்த முடி எழுந்து எழுந்து விழுந்தது. பந்து எங்கே போனதோ, எனக்குத் தெரியாது.

காலையில் அத்தை கேட்டாள்: "என்னப்பா, கோலா, இல்லையா?"

"பந்தை நான் பாக்கவே இல்ல அத்தை. அன்னைக்கும் பாக்கல. ஒலிண்டாவத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

அவள் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த சுருட்டு விழுந்தது. "அடப்பாவி! வீட்ல இருக்கிற பொண்டாட்டியப் பாக்கவாடா உப்பில்லாம கெடந்து, என் கொடியக் குடிச்சு, வாளிய நெறச்ச?"

ஆகவே மச்சான், உண்மையைச் சொல்லிவிட்டேன். நடுவன் என்ற முறையில் உங்களுக்கே கோல் கொடுக்கிறேன். பன்றியை ஓட்டிக்கொண்டு போங்கள், என் ஊரார் ஏசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒலிண்டாவை மட்டும் அனுப்பிவையுங்கள். அந்த முடி சமாசாரத்தை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம், இந்த வயதில் வெட்கமாக இருக்கிறது. உங்கள் வலை நிறைய மீனும், கூரை ஒழுகாத மழையும், பிள்ளைகளுக்கு நல்ல காலும் வாய்க்கட்டும்.

என்றும் உங்கள்
எவரிஸ்தோ

பி.கு.: மச்சான், கடிதத்தை மடிக்கும்போதே ஒலிண்டா வந்து நிற்கிறாள். அன்று நான் பார்த்தது ஒலிண்டாவைத்தான் என்று பாஸ்குவாலா அத்தை, சந்தையில் மீன் விற்கிறவள்வரை எல்லாரிடமும் சொல்லிவிட்டாளாம். உங்களிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் படகேறியிருக்கிறாள். கடிதத்தைப் பிடுங்கி முழுவதும் படித்துவிட்டுச் சொன்னாள்: "கோலாவது ஒண்ணாவது! பந்து கோட்டுக்கு இந்தப் பக்கந்தான் விழுந்துச்சு. நான் கண்ணால பாத்தேன். அண்ணன் மூஞ்சிக்காகச் சும்மா இருந்தேன்." நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் மச்சான். ஆகவே மேலே கொடுத்த கோல் செல்லாது. பன்றிக்கு வர வேண்டாம்.